அம்மா என்ன உடுக்கப் போறா?

பட்டமளிப்பு விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது எங்கள் வட்ஸ்அப் குழுவில் பட்டத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. மேலங்கியை எங்கே எடுக்கிறது, எத்தனை மணிக்கு மண்டபத்துக்குள்ள போக வேணும், ஆளுக்கு எத்தனை அழைப்பிதழ் தருவினம் என்ற கேள்விகள் எல்லாம் ஒரு பின்னேரத்தோடு முடிந்துவிட்டன. மிச்ச நாள் முழுக்க ஒரே கேள்விதான் ஓடியது. அம்மா என்ன உடுக்கப் போறா?

பகிடியாகத்தான் தொடங்கியது. பிறகு படங்கள் வரத் தொடங்கின. கடைக் கண்ணாடிக்கு முன்னால் தோளில் சீலையைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு நிற்கிற அம்மாக்கள். ஒருத்தி தன்ர சீலை மயில்பச்சை என்றும் அம்மாவுக்கு அதே கலரில் கரை வைத்து எடுத்தாச்சு என்றும் போட்டாள். இன்னொருத்தியின் அம்மா நாலு கடை ஏறி இறங்கியும் ஒன்றும் பிடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டா. ஒருத்தி மட்டும் இரண்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள், "அம்மா வரமாட்டாவாம்" என்றாள்.

ஏன் என்று கேட்டோம்.

"உடுத்திக்கொண்டு வர ஒண்டுமில்லையாம்."

அதை நாங்கள் அப்படியே நம்பினோம். சீலை ஒன்று எடுத்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று ஐந்து பேர் சேர்ந்து காசும் போட்டோம். இது சீலை இல்லாத பிரச்சினை இல்லை என்று எங்களுக்கு விளங்க இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

அதற்கு முதல் காசுக் கதையைச் சொல்லிவிட வேணும். சனம் இதைப் பற்றிக் கதைக்க வெட்கப்படுகிறது. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது எரிவாயு, பால்மா, பெற்றோல் பற்றியெல்லாம் நாடு முழுக்கக் கத்தினோம். சீலையைப் பற்றி யார் கத்துவது? எங்கள் கடைகளில் தொங்கும் பட்டும் அரைப்பட்டும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. விலை ஏறியது, இறங்கி வரவில்லை. எங்களில் ஒருவர் வீட்டில் அம்மாவின் சீலைக்கு 14,500 ரூபாய், சட்டை தைக்க 2,500 ரூபாய் போனது. செருப்பு, பூ, ஓட்டோக்காசு எல்லாம் வேறு. இன்னொரு வீட்டில் சீட்டை முந்தி எடுத்தார்கள். வேறொரு வீட்டில் அம்மாவின் காப்பு அடைவில் இருந்தது. விழாவுக்குக் கையில் காப்புப் போட வேணும் என்பதற்காகச் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்துக் காப்பை மீட்டார்கள். விழா முடிந்த கிழமையே காப்பு திரும்பப் போய்ச் சங்கிலி வந்தது. இதைச் சொல்லும்போது அந்த அம்மாவே விழுந்து விழுந்து சிரித்தா. எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மலையகத்திலிருந்து வந்த எங்கள் நண்பனின் அம்மா கொழுந்து எடுக்கிறவ. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். அந்தக் கணக்கில் நாங்கள் மேலே சொன்ன சீலை பதினாலு நாள் மலை ஏறி இறங்குகிற வேலை. அதுவும் நிறை குறையாமல், மழை நாள் கழியாமல். அவன் எங்கள் குழுவில் சீலைப் படம் எதுவும் போடாததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் கேட்கவும் இல்லை.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம்.

நாங்கள் காசு சேர்த்து மாம்பழ நிறத்தில் மெரூன் கரை வைத்த ஒரு சீலை எடுத்தோம். சரியான வடிவு. அதைக் கொண்டு வீட்டுக்குப் போனோம். அம்மா தேத்தண்ணி தந்தா, சீலையை விரித்துப் பார்த்தா, கரையைத் தடவினா. திரும்ப அதே மடிப்பில் மடித்து எங்கள் பக்கம் வைத்தா.

"நல்லா இருக்குப் பிள்ளையள். கொண்டுபோய்க் குடுத்திட்டுக் காசை வாங்குங்கோ."

அவவுடைய கணவர் 2009இல் வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர். இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பலர் சொன்னார்கள், அவ எடுக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கினார்களே, அந்தக் கொட்டிலில் போய் இருந்தவ. படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவ. அங்கே எந்தச் சீலையில் போனா என்று அவவை யாரும் கேட்டதில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் கேட்பார்கள். நிறச் சீலை உடுத்திக் குங்குமம் வைத்துப் போனால் "புருசன் இல்லாத மனிசிக்கு என்ன சிங்காரம்" என்று ஒரு கதை வரும். வெள்ளைச் சீலை, வெறும் நெற்றி என்று போனால் கதை வராது. ஆனால் அப்படிப் போவதென்றால் அவர் இனி வரமாட்டார் என்று அவவே ஆயிரம் பேருக்கு முன்னால் சொன்ன மாதிரி. மரணச் சான்றிதழில் போடாத கையெழுத்தைச் சீலையால் போடுவது மாதிரி. அம்மா இதை எங்களை விடச் சுருக்கமாகச் சொன்னா.

"கலர் உடுத்தா ஒரு கதை, வெள்ளை உடுத்தா இன்னொரு கதை. நான் வராமல் விட்டா ஒரு கதையும் இல்லை."

உடுத்திக்கொண்டு வர ஒன்றும் இல்லை என்றதன் கருத்து இதுதான். பெட்டியில் இல்லை என்பதும் உண்மை. கடைசி யுத்தத்தில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டுவதற்குச் சீலைகளைத் தைத்த வீடுகள் வன்னியில் கொஞ்சநஞ்சம் இல்லை. அவவின் கூறையும் அப்படித்தான் மண்ணுக்குப் போனது. றங்குப்பெட்டியைத் திறந்து "இது உன்ர சாமத்தியவீட்டுக்கு எடுத்தது, இது மாமியின்ர கலியாணத்துக்கு" என்று சொல்ல எங்கள் சில அம்மாக்களுக்கு மட்டும்தான் வாய்த்தது. ஆனால் பெட்டி நிறையச் சீலை இருந்திருந்தாலும் அவவுக்குப் பதில் அதேதான்.

இந்த இடத்தில் நாங்கள் செய்ததைச் சொல்ல வேணும். நாங்கள் பிரசங்கம் பண்ணினோம். "அம்மா, இந்தக் காலத்தில யாரம்மா இதெல்லாம் பாக்கினம்? நீங்கள் வடிவா உடுத்திக்கொண்டு வாங்கோ. கதைக்கிறவை கதைக்கட்டும்." கைம்பெண்ணுக்கு வெள்ளை என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று, அதை அனுபவிக்கிறவவுக்கே வகுப்பு எடுத்தோம். இந்த வலைப்பூவிலும் இதைப் பற்றி எழுதியிருக்கிறோம், மேடையிலும் கதைத்திருக்கிறோம். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று கேட்டா. "இந்தச் சீலை எனக்கோ, இல்லாட்டி உங்கட படத்துக்கோ?"

அவ்வளவுதான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உண்மையில் எங்கள் மனதில் படம்தான் இருந்தது. மேலங்கியோடு பிள்ளை, மாம்பழ நிறச் சீலையில் அம்மா, கீழே நாங்கள் எழுதப்போகும் நாலு வரி. ஊர் அவவை வெள்ளையில் பார்க்க ஆசைப்பட்டது, நாங்கள் கலரில் பார்க்க ஆசைப்பட்டோம். எது உடுக்க விருப்பம் என்று ஊரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊர் செய்வது அடக்குமுறை, நாங்கள் செய்வது முற்போக்கு என்று பெயர் வைத்துக்கொண்டோம். அந்தப் பெயருக்காகவாவது ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இது அந்த ஒரு அம்மாவின் கதை மட்டும் இல்லை. விழா அன்றைக்கு எங்கள் அம்மாக்கள் எங்கள் கையில் ஒரு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள். பிள்ளைக்கு மயில்பச்சை என்றால் அம்மாவுக்கும் மயில்பச்சை. "அம்மா, அந்தப் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு வந்து மானத்தை வாங்காதேங்கோ" என்று சொன்ன பிள்ளை எங்களுக்குள்ளேயே இருக்கிறாள், இதை எழுதச் சம்மதித்தும் இருக்கிறாள். அந்தப் பழைய சீலையைக் கட்டித்தான் அம்மா ஒவ்வொரு வருசமும் நல்லூர்த் தேருக்குப் போனவ. பிள்ளையின் ஏ.எல். பெறுபேறு வந்தபோதும் அதைத்தான் கட்டியிருந்தவ. அவவுக்கு அது இராசியான சீலை. எங்களுக்கு அது பழைய சீலை.

இதில் அப்பாமார் தப்பிவிடுவார்கள். வெள்ளைச் சேட், கறுத்தக் காற்சட்டை, இல்லாவிட்டால் வேட்டி. அவர்களுக்கும் வெள்ளைதான், ஆனால் அதில் யாரும் ஒன்றும் வாசிப்பதில்லை. மனைவியை இழந்த அப்பா ஒருவர் நீலச் சேட் போட்டு வந்தால் நீலச் சேட் போட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

முஸ்லிம் நண்பி ஒருத்தி தன்ர உம்மாவைப் பற்றிச் சொன்னதையும் சேர்க்கிறோம். உம்மாவுக்குச் சீலை உடுத்தி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வர ஆசை. அவவின் இளமைக் காலத்தில் ஊரில் அப்படித்தானாம். இப்போது குடும்பத்தில் எல்லோரும் அபாயா. "இந்த வயசில என்ன புதுசா சீலை" என்று தங்கச்சிமார் கேட்டார்களாம். மறுபக்கம், வளாகத்தில் சிலர் "விழாவுக்குமா அபாயா" என்று முகம் சுளிப்பார்கள் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. உம்மா கடைசியில் அபாயாதான் போட்டா. அவவாக விரும்பிப் போட்டாவா, சோலியில்லாமல் இருக்கட்டும் என்று போட்டாவா என்று மகளுக்கே தெரியாது.

இப்போது மேலங்கிக்கு வருவோம். அதையும் ஒருக்கால் பார்க்க வேணும்.

பட்டமளிப்பு மேலங்கி ஐரோப்பாவின் நடுக்காலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் பெரும்பாலும் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள். குளிர்ந்த கல்லுக் கட்டடங்களுக்குள் இருந்து படிக்க நீண்ட அங்கி தேவைப்பட்டது. அது வெள்ளைக்காரரோடு கப்பல் ஏறி இங்கே வந்து, இப்போது வெயிலில் வரிசையில் நிற்கும் எங்களை வேர்வையில் குளிப்பாட்டுகிறது. 2010இல் இந்தியாவின் சுற்றாடல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே மேலங்கியைக் கழற்றி, இது காலனித்துவ மிச்சம் என்று சொன்னார். எங்களுக்கு அந்தளவு கோபம் இல்லை. அதைப் போட்டுப் படம் எடுக்க எங்களுக்கும் ஆசைதான், பொய் சொல்லக்கூடாது.

நாங்கள் சொல்ல வருவது வேறு. அந்த மேலங்கி இரவல். எங்களுக்கு முதல் எத்தனை பேர் போட்டார்களோ தெரியாது. காலமை கையெழுத்து வைத்து வாங்கினோம், பின்னேரம் திருப்பிக் கொடுத்தோம். என்னுடையதில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது, உன்னுடையது கைக்கு நீளம், பரவாயில்லை. அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. மண்டபத்தில் இருந்த எல்லாப் பட்டதாரிகளும் இரவல் உடுப்பில் நின்றுகொண்டிருக்க, அம்மாக்கள் மட்டும் புதுச் சீலைக்காகக் கடன்பட வேணும் என்பது என்ன நியாயம்? பக்கத்து வீட்டு அக்காவின் சீலையைக் கட்டி வந்தால் அது ஏன் குறைச்சல்?

முந்தி அப்படி இல்லை என்று பெரியம்மா ஒருவர் சொல்கிறா. யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கியது, அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979இல். அதற்குப் பிந்திய ஆரம்ப வருசங்களில் பட்டம் பெற்றவ அவ. ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்புவெள்ளைப் படத்தில் அம்மம்மா கோயிலுக்குக் கட்டும் சீலையில்தான் நிற்கிறா. சீலை என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் பெரியம்மாவுக்கும் நினைவில்லை. அம்மம்மா சப்பாத்து வாங்கப் பயந்து வீட்டுச் செருப்போடு வந்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

இப்போது முன்பள்ளிக்கே மேலங்கி வந்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டு, அம்மாமார் எல்லோரும் ஒரே நிறச் சீலையில் வரவேணும் என்று தீர்மானித்து, அதற்குக் காசு சேர்க்கிறார்கள். காசு இல்லாத அம்மா அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லுவா. பாலர் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது இது. பதினெட்டு வருசம் கழித்து அதே அம்மா பல்கலைக்கழக விழாவுக்கு "எனக்குத் தலையிடி, நீ போட்டு வா" என்று சொன்னால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நாங்கள் இதில் சிலதைச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். அடுத்த பட்ச் தங்கச்சி தம்பிமாரிடம் ஏற்கெனவே கதைத்தும் விட்டோம். எங்கள் வீடுகளில் ஒரு தரம் உடுத்தி மடித்து வைத்த சீலைகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து, கேட்கிற அம்மாவுக்குக் கொடுத்து, துவைத்துத் திருப்பி வாங்கலாம். தானம் மாதிரி ஒலிபெருக்கியில் சொல்லிக் கொடுக்கிற வேலை வேண்டாம். மேலங்கி வாங்குகிற மாதிரி, எடுத்தோம் கொடுத்தோம் என்று இருந்தால் போதும். புதிதாகத்தான் எடுக்க வேணும் என்கிறவர்கள் மருதமுனைப் பக்கம் ஒருக்கால் பார்க்கலாம். 2004 ஆழிப்பேரலையில் தறிகளை இழந்த பிறகும் நெசவை விடாமல் வைத்திருக்கிற ஊர் அது. பருத்திக் கைத்தறிச் சீலை, வெக்கைக்கும் நல்லது. பட்டின் மினுக்கம் இருக்காது. படத்தில் அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

படங்களுக்குக் கீழே எழுதுவதையும் கொஞ்சம் குறைக்கலாம். "அம்மா எளிமையா இருக்கிறா" என்று நாங்கள் அன்பாகத்தான் எழுதுகிறோம். அந்த அம்மா அதை வாசித்துவிட்டு, தன்ர சீலை குறைவாகத் தெரிந்துவிட்டதோ என்று மகளைக் கேட்டிருக்கிறா. "அம்மா இந்தச் சீலையில பத்து வயசு குறைஞ்சிட்டா" என்பதும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் கேட்க வேணும். கடைக்குப் போக முதல், கலரைத் தீர்மானிக்க முதல், "உங்களுக்கு என்ன உடுக்க விருப்பம் அம்மா?" என்று. "எனக்கென்ன, எதெண்டாலும் சரி" என்றுதான் முதலில் பதில் வரும். எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவினம். அதோடு எழும்பி வந்துவிடாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்க வேணும்.

நாங்கள் இரண்டாந்தரம் போனபோது அப்படித்தான் இருந்தோம். சீலை எதுவும் கொண்டு போகவில்லை. முருங்கைக்காய் சுத்தம் பண்ணிக்கொண்டு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே கதையைத் தொடங்கினா. தனக்கு நீலம் பிடிக்கும் என்றா. கடும் நீலம் இல்லை, குளத்துத் தண்ணி மாதிரி. கலியாணத்துக்குப் பிறகு அவர் முதல்முதலாக எடுத்துத் தந்தது அந்த நிறத்தில் ஒரு நூல் சீலை. அதுவும் மற்றவற்றோடு போய்விட்டது. குங்குமம் வைக்கிறதா இல்லையா என்பதை அன்றைக்குக் காலமை யோசிக்கிறேன் என்றா. நாங்கள் ஓம் என்று மட்டும் சொன்னோம்.

தையல்கார அக்காவிடம் அந்த நிறத்துக்குக் கிட்ட ஒரு சீலை இருந்தது. சட்டை மட்டும் புதிதாகத் தைத்தது, அதற்கும் அக்கா கூலி வாங்கவில்லை. மாம்பழ நிறச் சீலையைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, மாற்றிக்கொள்ளத்தான் விட்டார். அது இப்போது நாங்கள் சொன்ன அந்தச் சேர்ப்பில் முதலாவது சீலை.

விழா அன்றைக்கு அம்மா நேரத்துக்கே வந்துவிட்டா. நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. குங்குமமா, ஒட்டுப்பொட்டா என்று நாங்கள் உற்றுப் பார்க்கவில்லை. இரண்டு அழைப்பிதழில் ஒன்றைக் கையில் வைத்திருந்தா, மற்றது கைப்பைக்குள் மடித்தபடி இருந்தது. பெற்றோர் பகுதியில் அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் யாரோ ஒரு அம்மா வந்து இருந்து, பிள்ளை எந்தப் பீடம் என்று கேட்டா. கதைக்கிற சனம் வந்துதானிருந்தது. மகளின் பெரியப்பா வீட்டார் அம்மாவின் சீலையை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்தார்கள். அம்மா அவர்களுக்கு ரொபி நீட்டினா.

பின்னேரம் மேலங்கி திருப்பிக் கொடுக்கிற வரிசை மரத்தடி வரை நீண்டிருந்தது. மகள் கழற்றிச் சுருட்டிப் பிடித்திருந்ததை அம்மா வாங்கி, உதறி, கை இரண்டையும் உள்ளே மடித்து, சீலை மடிக்கிற மாதிரியே மடித்துக் கொடுத்தா.

"கவனமா குடு பிள்ளை. இரவல் சாமான்."